ஏழாம் படுக்கையின் வாக்குமூலம்

அத்தியாயம் 5

பாண்டித்துரை கடித்த கடியில் நர்ஸ் ரோஸ்மேரியின் முன்கையில் ரத்தம் வந்துவிட்டது.

யாசின் அறைக்குள் காலெடுத்து வைத்த அதே நொடி அது. ஆக்சிஜன் முகமூடியைச் சரிசெய்யக் குனிந்தவளைப் பல்லால் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்று கிடந்தான் அந்த மனிதன். இரண்டு பேர் சேர்ந்து அவன் தாடையைப் பிரித்தார்கள். பிரித்ததும் காலை உதறினான். சலைன் ஸ்டாண்டு சாய்ந்தது. கையில் குத்தியிருந்த ஊசி பிய்த்துக்கொண்டு வர, வெள்ளை விரிப்பு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

"கொல்ல வர்றான்! மூஞ்சி இல்லாதவன் வர்றான்! ஏத்தா, கதவைச் சாத்து!"

மூன்று நிமிஷத்தில் அவனுடைய இரண்டு மணிக்கட்டுகளும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டன. அதற்குமேல் திமிற அவனிடம் தெம்பில்லை. விலா எலும்பெல்லாம் எண்ணிப் பார்க்கலாம் போலத் துருத்திக்கொண்டிருந்தன.

"இந்த ஆளா கொலைகாரன்?" என்றான் யாசின், நர்ஸின் கையைப் பார்த்துக்கொண்டே. "கடிச்சே கொன்னிருப்பாரோ?"

"வாயை மூடு" என்றார் காளியாத்தாள்.

காளியாத்தாள் இருபத்திரண்டு வருஷம் போலீஸில் ஏட்டாக இருந்தவர். காக்கியைக் கழற்றிவிட்டு, திருப்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே பட்டன், ஜிப் விற்கிற கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்து ஆறு வருஷமாகிறது. யாசின் இளையான்குடிக்காரன். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்க வந்தவன். ஓட்டை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன் என்று எட்டு மாதத்துக்கு முன்னால் காளியாத்தாள் கூட்டிக்கொண்டார். துணியில் ஓட்டை பார்ப்பதற்கும் ஆளின் பேச்சில் ஓட்டை பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது அவர் கணக்கு.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் பாண்டித்துரையின் மனைவி பாண்டியம்மாள். புருஷன் கமுதிப் பக்கத்துக்காரன், சாயப்பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவன். கொரோனாவின் இரண்டாவது அலை அவனைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழாம் படுக்கையில் போட்டது. பதினோரு நாள் வென்டிலேட்டர். பிழைக்க மாட்டான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் பிழைத்தான். தொண்டையிலிருந்து குழாயை எடுத்த அன்று, கரகரத்த குரலில் அவன் சொன்ன முதல் வார்த்தை பெண்டாட்டி பெயர் இல்லை.

"நல்லானைக் கொன்னுட்டேன். என்னைத் தூக்குல போடுங்க."

காய்ச்சல் உளறல் என்று முதலில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆனால் நல்லான் என்ற தையல்காரர் நிஜமாகவே இருந்தார். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. தனிக்கட்டை. ஒரு மாதமாக ஆளைக் காணவில்லை என்று கம்பெனிக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். பாண்டித்துரைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. போலீஸ் பிடித்துக்கொண்டது அதைத்தான். சம்பந்தமே இல்லாத ஒருவன் பெயர் உளறலில் எப்படி வரும்? கொன்றவனுக்குத்தானே தெரியும்?

அவனை மாற்றியிருந்த தனி அறையின் வாசலில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்துவிட்டார். ஆள் நடக்க ஆரம்பித்ததும் கைது. பழைய பழக்கத்துக்காக இன்ஸ்பெக்டர் காளியாத்தாளுக்குக் கொடுத்தது பத்து நிமிஷம்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லானை உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"தெரியாதுக்கா." பாண்டித்துரையின் கண்கள் கூரையில் எதையோ துரத்திக்கொண்டிருந்தன. "ஆனா வெட்டுனேன். கொடுவாளு. மொத வெட்டு தோள்ல. ரெண்டாவதுக்குக் கையைக் கொண்டாந்து தடுத்தான். வெரலு ரெண்டு தெறிச்சு விழுந்துச்சு. மூணாவது பின்கழுத்துல. அப்ப ஈரோட்டு ரயிலு போச்சு, சத்தம் வெளிய கேக்கல. எருமை மட்டும் மெரண்டு கத்துச்சு."

இப்படி ஒரு வாக்குமூலத்தை யாசின் கேட்டதில்லை. அழுகை இல்லை, தடுமாற்றம் இல்லை. பார்த்துப் படிக்கிற மாதிரி வந்தது.

"எந்தக் கையில வெட்டுனீங்க?"

பாண்டித்துரை கட்டப்பட்டுக் கிடந்த தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். இடது. வலது. மறுபடி இடது. "தெரியலயே" என்றான்.

"நல்லான் ஆளு எப்படி இருப்பாரு? கறுப்பா, செவப்பா? மீசை உண்டா?"

"தெரியாதுக்கா."

"பொணத்தை?"

"பொடக்காலில குழி தோண்டிப் போட்டேன். மேல தென்னங்கன்னு வச்சேன்."

யாசினால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அது எந்தக் காளிக்கா? உங்க சொந்தக்காரியா?"

திட்டுவதற்காகத் திரும்பிய காளியாத்தாள் திட்டவில்லை. யாசினை வெறித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பாண்டித்துரை பக்கம் குனிந்தார்.

"ஏனுங்க, பொடக்காலின்னா என்னங்க?"

பாண்டித்துரை விழித்தான். "அது... ஒரு எடம்."

"எந்த மாதிரி எடம்?"

நெடுநேரம் யோசித்தான். நெற்றியில் வேர்த்தது. "தெரியாதுக்கா" என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தான்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் காளியாத்தாள் பாண்டியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வீட்டுக்குப் பின்னாடி பாத்திரம் கழுவுற, தண்ணி ஊத்திக்கிற எடத்தை உங்க ஊர்ல என்னன்னு சொல்லுவீங்க?"

"கொல்லைன்னு சொல்லுவோம்க்கா. ஏன்?"

"உங்க வீட்டுக்காரரு பொடக்காலின்னு சொல்லி எப்பவாச்சும் கேட்டிருக்கியா?"

"அவரா? இருபது வருசமா இந்த ஊர்ல இருக்கோம், இன்னும் 'ஏனுங்க'ன்னு ஒரு சொல்லு அவரு வாயில வந்ததில்ல. பட்டறைல எல்லாம் எங்கூரு ஆளுக, இந்திக்காரப் பயலுக. லைன் வீட்டுலயும் எங்கூருதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோழி அறுக்குறதுக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்புடுவாருக்கா. இப்ப என்னையத் தொடவே மாட்டேங்குறாரு. கொலை பண்ணுன கையாம்."

கஞ்சி சூடு பண்ணிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுத் தூக்குவாளியோடு கேன்டீன் பக்கம் போனாள்.

"இன்ஸ்பெக்டரு வாக்குமூலத்துல 'பொட்டக்காளி'ன்னு எழுதி வச்சிருக்காரு" என்றார் காளியாத்தாள். "அவரு தூத்துக்குடி. ரெண்டு நாளா காளி கோயிலாத் தேடி அலையறாரு. எனக்கு அது பொறந்ததுல இருந்து கேக்கற சொல்லு, அதனால உறைக்கலை. நீ கேட்டதும்தான் உறைச்சுது. குழி தோண்டினவனுக்குத் தோண்டின எடம் என்னன்னு தெரியலை. எந்தக் கையில வெட்டுனான்னு தெரியலை. செத்தவன் மூஞ்சி தெரியலை. ஆனா ரயில் சத்தம் தெரியுது, எருமை கத்துனது தெரியுது."

"எல்லாம் காது சமாச்சாரம்" என்றான் யாசின்.

"அதேதான். கண்ணுல பாத்தது ஒண்ணுகூட இல்லை. யாரோ 'நான் வெட்டுனேன், நான் பொதைச்சேன்'னு சொல்லியிருக்கான். இவரு மயக்கத்துல அந்த 'நானை'த் தன்னோடதா எடுத்துக்கிட்டாரு. சொன்னவன் நம்மூர்க்காரன்."

யாசின் பரபரத்தான். "பக்கத்துப் படுக்கை ஆளா இருக்கும்க்கா. அவனும் காய்ச்சல்ல உளறியிருப்பான்!"

ரோஸ்மேரி நர்ஸ் அறையில் தன் கைக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பாண்டித்துரை மேல் அவளுக்குக் கோபம் இல்லை.

"அவரு கடிக்கல மேடம், காய்ச்சல் கடிச்சது. பதினோரு நாள் மயக்க மருந்து, ஆக்சிஜன் குறைவு, பகலும் ராத்திரியும் ஒரே லைட். மூளை குழம்பிடும். இதுக்கு டெலிரியம்னு பேரு. ஒரு பாட்டி கட்டில் அடியில தண்ணி வருது, முழுகப்போறேன்னு மூணு நாள் அழுதாங்க. காதுல விழுறது, கனவுல வர்றது எல்லாம் நெஜமா நடந்த மாதிரி பதிஞ்சுரும்."

"பக்கத்துப் படுக்கைல யாரு?" என்று முந்திக்கொண்டான் யாசின்.

"ஆறுலயும் எட்டுலயும் தொண்டையில குழாய் போட்ட கேஸ். குழாய் போட்டவங்களால முனகக்கூட முடியாது."

யாசின் முகம் தொங்கியது. காளியாத்தாள் விடவில்லை. "வெளியாள் உள்ள வர முடியுங்களா?"

"ஈ, காக்கா வராது. நாங்கதான், அதுவும் தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு. மயக்கத்துல இருந்தாலும் காது கேக்கும், பேசிக்கிட்டே இருங்கன்னு டாக்டர் சொல்லுவாரு. நேரம் கிடைச்சா நாங்களும் பேசுவோம். ஆனா அதுல முருகேஷ் அண்ணனை அடிச்சுக்க ஆளில்லை. வார்டு உதவியாளர். அசையாம கிடக்குறவங்க பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, காதோட காதா பேசிக்கிட்டே இருப்பாரு. தங்கமான மனுஷன்."

"எல்லார்கிட்டயும் பேசுவாருங்களா?"

ரோஸ்மேரி பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு நிறுத்தினாள். கையில் சுற்றிக்கொண்டிருந்த கட்டுத்துணி அப்படியே நின்றது.

"இல்ல மேடம். டாக்டர் கையை விரிச்ச கேஸ்கிட்ட மட்டும்தான். மூணு பேர். ரெண்டு பேர் போயிட்டாங்க. ஏழாம் படுக்கை மட்டும்தான்..."

"பொழைச்சிருச்சு" என்று முடித்தார் காளியாத்தாள்.

யாசின் ஏற்கெனவே செல்போனில் நல்லானின் கம்பெனியைப் பிடித்திருந்தான். எதிர்முனையில் வாட்ச்மேன். நல்லானுக்குச் சொந்தபந்தம் யாராவது உண்டா? ஒரே ஒரு தங்கச்சி இருக்குதுங்க, சித்ராதேவின்னு பேரு. ஊத்துக்குளில ரயில்பாதை ஓரத்துல தோட்டத்து ஊடு. எருமை வச்சுப் பால் கறக்கறாங்க. மாப்பிள்ளை என்ன பண்றாரு? ஏதோ ஆஸ்பத்திரில வேலைங்க.

யாசின் போனைப் பொத்திக்கொண்டு அதை அப்படியே காளியாத்தாளிடம் சொன்னான்.

"முருகேஷ் இப்ப எங்க?" என்று கேட்டார் காளியாத்தாள்.

ரோஸ்மேரி கட்டுத்துணியைக் கீழே போட்டாள். "நேத்து வரைக்கும் ஐசியூ. பாண்டித்துரையைத் தனி அறைக்கு மாத்தினதும், நானே பாத்துக்கறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு. இப்ப அவரு டூட்டிதான்."

மூவரும் ஓடினார்கள்.

வராந்தாவில் திரும்பும்போதே கேட்டது. "ஐயோ, கொல்றான்! மூஞ்சி இல்லாதவன் கொல்றான்!" தொண்டை கிழிகிற கத்தல். அந்த வழியில் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டோடு நின்ற ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். வாசலில் கான்ஸ்டபிள் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "காத்தால இருந்து இதே கத்தல்தாங்க்கா" என்றார்.

அப்போது கத்தல் பாதியில் அறுந்தது.

காளியாத்தாள் கதவை உதைத்தார். உள்பக்கம் தாழ். இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

வெள்ளை உடை, வெள்ளைத் தலைமூடி, கண்ணாடி, முகமூடி. மனித முகம் என்று சொல்ல அதில் ஒன்றுமே வெளியே தெரியவில்லை. அந்த உருவம் கட்டில்மேல் ஏறி, பாண்டித்துரையின் நெஞ்சில் ஒரு முழங்காலை ஊன்றி, தலையணையால் அவன் முகத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. கட்டிய கைகள் கட்டில் கம்பியை உடைத்துவிடுவது போல உதறின. மணிக்கட்டில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. கால்கள் மட்டும் அடங்கிக்கொண்டே வந்தன.

யாசின் யோசிக்கவில்லை. ஓடிப்போய் அந்த வெள்ளை முதுகின்மேல் விழுந்தான். இருவரும் கட்டிலிலிருந்து உருண்டார்கள். முருகேஷ் ஐம்பது வயது ஆள், ஆனால் பிணத்தையும் நோயாளியையும் தூக்கித் தூக்கி உரமேறிய உடம்பு. எழுந்த வேகத்தில் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கிற இரும்புச் சாவி அவன் கைக்கு வந்திருந்தது. சுழற்றினான். யாசினின் தோள்பட்டையில் 'மளுக்' என்று ஒரு சத்தம். தன் எலும்புதான் அது என்று புரிவதற்குள் இரண்டாவது அடி நெற்றியைப் பிளந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கி, பார்த்ததெல்லாம் சிவப்பாக ஆடியது.

காளியாத்தாள் சலைன் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து, அதன் இரும்புப் பாதத்தால் முருகேஷின் முழங்காலில் வீசினார். அவன் மடங்கினான், ஆனால் விழவில்லை. ஒரு கையால் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சுவராக நெருக்கினான். கான்ஸ்டபிள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தார். முழங்கையால் ஒரே இடி. கான்ஸ்டபிள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காளியாத்தாளின் கால்கள் தரையை விட்டு எழும்பின. முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்ற பேச்சை, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்றான்!" முகமூடிக்குள்ளிருந்து குரல் கிறீச்சிட்டது. "செத்துருவான்னு டாக்டர் சொன்னாருங்க! அதனாலதான் சொன்னேன்! உள்ள வச்சுக்கிட்டு இருக்க முடியலை, தலையே வெடிச்சுரும் போல இருந்துச்சு. செத்துருவான்னுதான சொன்னேன்!"

வாசலில் பாண்டியம்மாள் நின்றாள். கையில் தூக்குவாளி. கட்டிலில் புருஷன் நீலம் பாரித்துக் கிடந்ததைப் பார்த்தாள். மூடியைத் திறந்து, கொதிக்கக் கொதிக்க இருந்த கஞ்சியை அந்த முகமற்ற முகத்தில் வீசினாள். முருகேஷ் அலறிக்கொண்டு கண்ணாடியையும் முகமூடியையும் பிய்த்து எறிந்தான். காளியாத்தாள் கீழே விழுந்தார். வெந்து சிவந்த அந்த முகத்தின்மேல் தூக்குவாளி இறங்கியது. மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை, நான்காவது தடவை. ஐந்தாவதற்கு ரோஸ்மேரி வந்து அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது.

ரோஸ்மேரி ஆக்சிஜனைத் திருப்பிவிட்டதும் பாண்டித்துரையின் நெஞ்சு ஒருமுறை விம்மி ஏறியது. பிறகு இன்னொரு முறை.

"நெஜமாவே ஒருத்தன் வந்திருக்கான்" என்றான் யாசின் தரையில் கிடந்தபடி. "நாம அவரு கையைக் கட்டி வச்சிருக்கோம்."

ரோஸ்மேரி அழுதுகொண்டே கட்டுகளை அறுத்தாள்.

அன்று சாயங்காலமே ஊத்துக்குளித் தோட்டத்தில் பொடக்காலியைத் தோண்டினார்கள். நல்லான் அங்கே இருந்தார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. அந்த வீட்டின் உள்ளறையில், வெளியே தாழிட்ட கதவுக்குப் பின்னால் சித்ராதேவி இருந்தாள். உடம்பெல்லாம் பழைய காயமும் புதுக் காயமும். உடைந்த மணிக்கட்டு வைத்தியம் பார்க்காமல் கோணலாக ஒட்டியிருந்தது. தினமும் வேலைக்குப் போகும்போது முருகேஷ் கதவைத் தாழிட்டுவிட்டுப் போவானாம். ஊரடங்கு என்பதால் யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு ஒரு தடவை திருட்டுத்தனமாக போன் செய்திருக்கிறாள். மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு விழுந்த அடியில் நினைவு தப்பியது.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். காளியாத்தாள் வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை.

யாசின் தோளிலும் நெற்றியிலும் கட்டோடு அந்த அறை மூலையில் உட்கார்ந்திருந்தான். பாண்டித்துரைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. கண் கூரையில் அலையவில்லை. நடந்ததையெல்லாம் காலையில் காளியாத்தாள் மூன்று தடவை பொறுமையாகச் சொல்லியிருந்தார். மூன்று தடவையும் தலையை ஆட்டினான். ஆனால் கைகளை மட்டும் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தான்.

சித்ராதேவியைப் பார்த்ததும் அவன் எழுந்து உட்காரப் பார்த்தான். முடியவில்லை.

"என்னைய மன்னிச்சிரும்மா. நான் வெட்டலைன்னு எல்லாரும் சொல்றாக. எனக்கும் புரியுது. ஆனா கண்ணை மூடுனா வெட்டுன மாதிரியே இருக்கு."

"நீங்க இல்லீங்கண்ணா. எனக்குத் தெரியும்." அவள் கட்டில் ஓரமாக நின்றாள். "ஒரு மாசமா எங்கண்ணன் வரவே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனுங்க. கூப்பிட்டும் வரலையேன்னு திட்டுனேன். நெனச்சு நெனச்சுத் திட்டுனேன். அவரு அன்னிக்கே வந்தாருன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. அந்தாளு உங்க காதுல எல்லாத்தையும் சொல்லியிருக்கான். எங்கண்ணன் ஏதாச்சும் பேசுனாருங்களா?"

பாண்டித்துரை கண்ணை மூடிக்கொண்டான். அந்த இடத்துக்கு மறுபடி போக அவனுக்குப் பயமாக இருந்தது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. பாண்டியம்மாள் போர்வைக்குள் கையை விட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவன் உதறவில்லை.

"பேசுனாரு" என்றான். "கொடுவாளைப் பாத்தப்புறமும் அவரு ஓடல. உள்ள பாத்துச் சத்தம் போட்டாரு."

"என்னன்னுங்க?"

பாண்டித்துரை வாயைத் திறந்தான். கமுதிக்காரனின் தொண்டையிலிருந்து, ஒரு எழுத்துப் பிசகாமல், ஊத்துக்குளிப் பேச்சு வந்தது.

"'கண்ணு, துணிமணி எடுத்துக்கிட்டுக் கெளம்பு. அண்ணன் வந்துட்டேன். வண்டி வாசல்லயே நிக்குது, ஊட்டுக்குப் போலாம்.'"

சித்ராதேவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். தலையை அந்தக் கம்பியிலேயே சாய்த்துக்கொண்டாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கண்ணா" என்றாள்.

அவன் சொன்னான்.